ஒரு ஜக்கு நிலவேம்பு

நான் யாருக்கும் விஷம் கொடுக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் செங்கல்பட்டு ஜங்ஷனிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர், நான் கொடுத்தேன் என்றுதான் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாமலேயே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். (இவர்கள்தான் ரொம்ப மோசம்.)

இரண்டாயிரங்களின் ஆரம்பம் அது. செல்போனில் வருகிற அழைப்புக்குக் காசு கிடையாது என்று ஆன புதிது. எனக்கு இருபத்து நான்கு வயது. செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியில், வேதியியல் துறை ருக்மணி மேடத்திடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். அப்பா சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். எங்கள் தெருவில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் வந்த தலைக்கனம் எவ்வளவு என்றால், அம்மா சமையலறையிலிருந்து உப்பு கேட்டால் ‘எந்த உப்பு?’ என்று கேட்பேன். (“வாய்மேலயே போடுவேன், கல்லுப்ப எட்றி” என்பார் அம்மா.)

எங்கள் ஆராய்ச்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே எல்லோரும் இதைப் பொறுமையாகக் கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது.

மூலிகையில் இருக்கிற மருந்துச் சத்தைத் தனியாக எடுக்க வேண்டுமானால், அதை ஏதாவது ஒரு திரவத்தில் ஊறவைத்துக் கரைத்து இறக்க வேண்டும். அந்தத் திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர். அப்போதெல்லாம் ஆய்வகங்களில் குளோரோஃபார்ம், பெட்ரோலுக்குப் பங்காளியான ஹெக்சேன் என்று கண்ட சமாசாரங்களைத்தான் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூக்கில் ஏறினால் தலைவலி. ஹெக்சேன் நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் தொட்டியில் ஊற்றினால் நேராக ஏரிக்குப் போய்ச் சேரும். உடம்பைச் சரியாக்குகிற இலையை விஷத்தில் ஊறப்போட்டு மருந்து எடுப்பது என்ன நியாயம் என்பது ருக்மணி மேடத்தின் கேள்வி. மனுஷனுக்கும் மண்ணுக்கும் கெடுதல் செய்யாத கரைப்பானைப் பசுமைக் கரைப்பான் என்பார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது கிளிசரினும் தண்ணீரும் கலந்த கலவை. உதடு வெடித்தால் தடவுகிறோமே, அதே கிளிசரின்தான். மூலிகை, நிலவேம்பு.

நிலவேம்பைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலில் அந்தக் கஷாயத்தைக் குடித்தவர்களுக்கு அதன் பெயரைப் படித்ததுமே தொண்டை ஒரு தரம் சுருங்கியிருக்கும். அந்தக் கசப்புக்குக் காரணம் ஆண்ட்ரோகிராபோலைடு என்கிற பொருள். (எங்கள் கல்லூரித் தாளாளர் இதைக் கடைசிவரை ‘அந்த ஆண்ட்ராயிலு’ என்றுதான் சொன்னார்.) மருந்தும் அதுதான். அது தண்ணீரில் சரியாகக் கரையாது; சாராயத்தில் நன்றாகக் கரையும். கிளிசரின் கலவையில் இறங்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. இறங்கும் என்பது மேடத்தின் நம்பிக்கை. இறங்காது என்பது ராவ் சாரின் தீர்ப்பு.

ராவ் சார், எங்கள் ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை அனுப்பிவைக்கிற மதிப்பீட்டுக் குழுவின் தலைவர். ஐதராபாத்காரர். சின்ன வயதில் சென்னையில் படித்தவர் என்பதால் தெலுங்கு வாசனையோடு தமிழ் பேசுவார். வெள்ளை வெளேரென்று அடர்த்தியான மீசை. முந்தின வருடம் வந்தபோது அந்த மீசையை நீவியபடி, “கிளிசரின்ல அது எறங்காது அம்மாயி. டைம் வேஸ்ட். அடுத்த வருஷமும் ஒண்ணும் தேறலேன்னா மூடிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். (அம்மாயி என்றால் தெலுங்கில் பெண்ணே என்று அர்த்தம்.) மூடினால் மேடத்தின் ஆறு வருட ஆசை போச்சு. என் பி.எச்டி. பதிவும் போச்சு. எங்கள் தெருவில் நான் அடுத்து அடைய இருந்த பெருமையும் போச்சு.

அதனால் அந்த வருடம் பேய் மாதிரி வேலை செய்தேன். இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, கலவையில் போட்டு, வெந்நீர்த் தொட்டியில் பதமாகச் சூடுகாட்டி, பிறகு வடிகட்ட வேண்டும். கிளிசரின் கலவை வடிதாளில் இறங்குகிற வேகம் இருக்கிறதே! பகல் சாப்பாட்டுக்குப் போய்க் கைகழுவி வந்து பார்த்தால் நாலு சொட்டு இறங்கியிருக்கும். குழுவுக்குக் காட்டுவதற்கென்று இரண்டு லிட்டர் சாறு எடுக்க ஒன்பது நாள் ஆனது. ஆய்வகத்துக்கு வர வேண்டிய கிளிசரின் வரத் தாமதமானதால், இந்த இரண்டு லிட்டரை மட்டும் மருந்துக்கடை கிளிசரினில் செய்தேன். (இந்தத் தகவல்தான் பிற்பாடு என்னை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றியது.) ஓவர்ஹெட் புரொஜெக்டருக்காகப் பதினொரு தாள்களில் வரைபடங்கள் போட்டேன். ஏழாவது படம்தான் உயிர்நாடி. சாராயத்தில் எவ்வளவு இறங்கியது, கிளிசரினில் எவ்வளவு இறங்கியது என்று அளந்து பக்கத்துப் பக்கத்தில் காட்டுகிற படம்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஒரு அட்டையும் எழுதினேன். மூன்றடி அகல வெள்ளை அட்டையில், பச்சை ஸ்கெட்ச் பேனாவால், இங்கிலீஷில் கொட்டை எழுத்து: நச்சு கிடையாது, நாற்றம் கிடையாது, குடிக்கவே குடிக்கலாம், அவ்வளவு பாதுகாப்பு! கடைசி வாக்கியத்துக்கு மூன்று ஆச்சரியக்குறி. அடிக்கோடு வேறு.

கூட்டத்தைக் கல்லூரியில் வைத்திருந்தால் எந்த வம்பும் இல்லை. எங்கள் தாளாளர் நாகப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. செங்கல் சூளை வைத்து, அப்புறம் லாரி வைத்து, அப்புறம் கல்லூரி வைத்தவர் அவர்.

“ஐதராபாத்லேர்ந்து வராங்க. இந்த ஒழுவுற லேப்புல உக்கார வெக்கிறதா? மகாபலிபுரத்துல என் சகலை ஒரு பீச்சு ஓட்டல்ல மேனேஜரா கீறான். காத்து வாங்கினு பேசட்டும்” என்றார்.

கூட்டத்தன்று காலை மேடம் ஒரு வாடகைக் காரில் குழுவை அழைத்துவரப் போனார். நான் பஸ்ஸில். சாறு இருந்த பெரிய பாட்டிலைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். எட்டு பீக்கர்களைத் துணியில் சுற்றிப் பையில் போட்டு, காலடியில் வைத்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் ஒருவர் ஏறினார். ஒன்றரை அடி உயரக் கருங்கல் பிள்ளையாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்கியபடி, அதை நேராக என் பையின்மேல் உட்கார்த்திவைத்தார்.

“அண்ணா! அதுல கண்ணாடி கீது!” என்று கத்தினேன். (கோபம் வந்தால் எனக்கு எம்.எஸ்ஸி. மறந்துபோய் வூட்டுப் பாஷை வந்துவிடும்.)

“புள்ளையாருதாம்மா. ஒண்ணும் ஆவாது.”

“எடுங்கண்ணா மொதல்ல!”

“எங்க வெக்கிறது? பஸ்ஸுல எடம் கீதா பாரு.” அவர் என்னைவிடக் கோபமாக இருந்தார். “சிங்கபெருமா கோயில்ல ஒரு ஆளு கேட்டாருன்னு செஞ்சு குட்த்தேன். தும்பிக்கை தப்பான பக்கம் திரும்பிகினு கீதுன்னு ஒரு வாரம் கழிச்சி எட்த்துனு போவ சொல்றாரும்மா. ரெண்டு மாசமா உளி புட்ச்ச கையி. நீயே சொல்லு, நாயமா இது?”

நியாயம் இல்லைதான். அதை ஒத்துக்கொள்வதற்குள் பஸ் திருக்கழுக்குன்றம் சாலையின் முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியது. பையிலிருந்து பெரிய அப்பளம் ஒன்று நொறுங்குகிற சத்தம் வந்தது. அவர் பையைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார்.

“பூஜையில வெக்காத புள்ளையாரும்மா. பாவம் ஒண்ணும் வராது” என்று ஆறுதல் சொன்னார். எட்டு பீக்கருக்கு அதுதான் நஷ்ட ஈடு.

ஓட்டலுக்குள் நான் நுழைந்தபோது மணி பத்து. கூட்டம் பதினோரு மணிக்கு. அங்கே துரை என்று ஒரு ஸ்டூவர்டு இருந்தார். நாற்பது வயது இருக்கும். உள்ளூர் குப்பத்து ஆள், வெள்ளைக் கோட்டு, மடிப்புக் கலையாத பேன்ட்.

“அண்ணா, ஒரு கண்ணாடி ஜக்கும் கொஞ்சம் கிளாஸும் கிடைக்குமா?”

“இன்னாத்துக்கு மேடம்?”

‘மூலிகைச் சாறு ஊற்றி வைப்பதற்கு, யாரும் குடிக்கக் கூடாது’ என்று சொல்ல எனக்கு மூன்று வினாடி ஆகியிருக்கும். ஆனால் ஒரு ஸ்டூவர்டுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது என் படிப்புக்கு இழுக்கு என்று நினைத்தேன். “டெமான்ஸ்ட்ரேஷனுக்கு” என்றேன், மூக்கை உயர்த்தி.

“ஓ, அதுக்கா. சரி சரி” என்றார் அவர், புரிந்தவர்போல.

நல்ல பூவேலை செய்த ஜக்கு ஒன்றும், உயரமான கிளாஸ்கள் ஒரு டஜனும் வந்தன. கூடவே முக்கோணமாக மடித்த டிஷ்யூ காகிதங்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஆஹா, என்ன மரியாதை என்று மகிழ்ந்துபோனேன். ஹால் வாசலை ஒட்டி இருந்த மேசையில் ஜக்கை வைத்துச் சாற்றை ஊற்றி, கிளாஸ்களை வரிசையாக அடுக்கி, பின்னால் என் அட்டையைச் சாய்த்துவைத்தேன். இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தேன்.

அப்போதுதான் தாளாளர் வந்தார். ஜக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இன்னாம்மா இது, டீ டிக்காஷனா?”

“நிலவேம்புச் சாறு சார். பசுமைக் கரைப்பான்ல எடுத்தது.”

“பச்சைன்ற. பழுப்பா கீதே.”

“பசுமைன்னா கலர் இல்ல சார். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாததுன்னு அர்த்தம்.”

“அத்த என்கிட்ட சொல்லிட்ட. வர்றவங்களுக்கு எவன் சொல்லுவான்? பச்சைன்னு போர்டு போட்டுட்டு பழுப்பா காட்னா, டூப்பு வுட்றாங்கன்னு நெனிச்சிக்க மாட்டாங்க?”

“அவங்க விஞ்ஞானிங்க சார்.”

“ஏன், விஞ்ஞானிக்குக் கண்ணு இல்லியா?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நீண்ட பதில். கரைப்பான்கள் எத்தனை வகை, எதனால் அவற்றுக்கு இந்தப் பெயர் வந்தது, ஏரி மீன் ஏன் செத்து மிதக்கிறது என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் பேசினேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் தன் டிரைவருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் சமையலறையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். நான் குளோரோஃபார்ம் பற்றிய பகுதிக்கு வருவதற்குள், தாளாளர் அதைத் திறந்து ஜக்கில் கவிழ்த்துவிட்டார்.

“ஐஸ்கிரீம் கலருதாம்மா. சாப்புட்ற அயிட்டம். ஏன் அலர்ற?”

நான் ஜக்கைப் பிடுங்கப் பாய்ந்தேன். கொஞ்சம் என் கையிலும் முந்தானையிலும் கொட்டியது. மிச்சம் ஜக்குக்குள் சுழன்று சுழன்று இறங்கி, என் ஒன்பது நாள் உழைப்பைக் கிளிப்பச்சையாக மாற்றியது. அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. இந்தச் சமாசாரத்துக்காகவா நான் சொட்டு சொட்டாகக் காத்திருந்தேன்?

“இப்ப பாரு, எப்டி கீது!” என்று கையைத் தட்டிவிட்டு, அவர் சகலையைப் பார்க்கப் போனார். நான் கையைக் கழுவக் குளியலறைக்கு ஓடினேன். தேய்க்கத் தேய்க்க அந்தப் பச்சை நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்தது.

அந்தக் கால் மணி நேரத்தில் வெளியே நடந்ததை நான் பார்க்கவில்லை. துரை அண்ணாவும் மேடமும் டிரைவரும் தனித்தனியாகச் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

குழு இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே வந்து இறங்கியது. (என் அனுபவத்தில் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்த ஒரே மதிப்பீட்டுக் குழு இதுதான். அன்றைக்கென்று பார்த்து வந்தார்கள்.) ஓட்டல் வழக்கப்படி விருந்தாளி வாசலில் கால் வைத்ததும் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். அன்றைக்குப் புதினா எலுமிச்சை ஜூஸ். அது சமையலறையில் இன்னும் மிக்ஸியில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. துரை அண்ணா சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலிலேயே ஒரு மேசை. அதன்மேல் ஜக்கு. ஜக்கில் பச்சையாக ஜூஸ். வரிசையாகக் கிளாஸ்கள். பின்னால் குடிக்கலாம் என்று மூன்றடி அட்டை. அவர் ஊற்றினார். ஊற்றியதோடு விடாமல், தொழில் தெரிந்தவர் ஆனதால், ஒவ்வொரு கிளாஸின் விளிம்பிலும் ஒரு எலுமிச்சை வில்லையைச் செருகினார்.

ராவ் சார் ஒன்று எடுத்துக்கொண்டார். குழுவின் மற்ற இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். வரவேற்க ஓடிவந்த தாளாளர், வெயிலில் நின்ற தாகத்தில், தானே கலர் ஊற்றிய ஜக்கு என்ற நினைப்பே இல்லாமல் தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். ருக்மணி மேடம் எடுக்கவில்லை. அவர் வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

இங்கேதான் வேதியியல் என் காலை வாரியது. கிளிசரின் இனிக்கும். வாயில் பட்டதும் முதலில் வருவது அந்த இனிப்புதான். கசப்பு, கும்பலில் கடைசியாக வருகிற ஆள் மாதிரி, கொஞ்சம் பின்தங்கி வரும். ராவ் சார் ஒரு வாய் குடித்து, “பாகுந்தி, நல்லா இருக்கு” என்று சொல்லி, இரண்டாவதாகப் பெரிய மடக்கு ஒன்று எடுத்தார். அதை விழுங்குகிற நேரம் பார்த்துக் கசப்பு வந்து சேர்ந்தது.

குளியலறையில் எனக்கு ஏதோ சத்தம் கேட்டது. கடற்கரைதானே, ஏதோ பறவை என்று நினைத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன். ராவ் சார் தாழ்வாரக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கடலை நோக்கி நாக்கை நீட்டி நின்றிருந்தார். நாக்கு பச்சை. வெள்ளை வெளேரென்று இருந்த மீசை, நாற்று நட்ட மறுநாள் வயல் மாதிரி பச்சை. ஒருவர் முக்கோண டிஷ்யூவால் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் காபி மேசையிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டிருந்தார். தாளாளருக்கு விருந்தாளிகள் முன்னால் துப்பக் கூச்சம். முழு கிளாஸையும் விழுங்கியிருந்தார். கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓட, “ரொம்ப… ஹெல்த்தி சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ராவ் சார் திரும்பினார். “எவரு சேசாரு இதி? யாரு பண்ணது இது?”

எல்லாக் கைகளும் என்னை நோக்கி நீண்டன. தாளாளரின் கையும்தான். கலர் ஊற்றிய அதே கை! துரை அண்ணாவின் விரல் கிட்டத்தட்ட என் மூக்கைத் தொட்டது.

“இந்த மேடந்தான் சார். குடிக்கலாம்னு எழுதியே வச்சிகிறாங்க, தோ பாருங்க. நான் பத்தாவது பாஸ் சார். நல்லா படிச்சிட்டுதான் ஊத்தினேன்.”

நானே எழுதிய அட்டை. மூன்று ஆச்சரியக்குறி வேறு.

மேடம் என் பக்கத்தில் வந்து, உதட்டை அசைக்காமல் கேட்டார். “லேப் கிளிசரினா?”

“மருந்துக்கடை கிளிசரின் மேடம். சாப்பிடற கலர். எலுமிச்சம்பழம் ஓட்டலோடது.”

அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு ராவ் சாரிடம் போய், இது நம் ஊரில் காய்ச்சலுக்குக் குடிக்கிற நிலவேம்புதான் என்று விளக்கி, “உடம்புக்கு ஒண்ணும் செய்யாது சார்” என்றார்.

“ஒண்ணும் செய்யாதா?” என்றார் ராவ் சார், நாக்கை நீட்டிக் காட்டி.

ஆனாலும் கூட்டம் நடந்தது. வந்தது வந்துவிட்டார்கள், மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும். விளக்கை அணைத்தார்கள். நான் புரொஜெக்டரில் முதல் தாளை வைத்தேன். குழுவினர் முன்னால் சர்க்கரை, வாழைப்பழம், மோர், வெல்லம் என்று ஒரு சின்ன மளிகைக்கடையே இருந்தது. நான் இலையை உலர்த்திய விதத்தைச் சொல்லும்போது ஒருவர் வாழைப்பழம் உரித்தார். சூடுகாட்டிய விதத்தைச் சொல்லும்போது இன்னொருவர் தண்ணீர் குடித்துவிட்டு, தண்ணீரும் கசக்கிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் புகார் சொன்னார். ஒரு வருட உழைப்பு, பதினொரு தாள். ஒருவராவது திரையைப் பார்த்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? ஆறாவது படத்தை எடுத்துவிட்டு ஏழாவது படத்தைக் கையில் எடுத்தேன். ராவ் சார் கையை உயர்த்தினார்.

“போதும் அம்மாயி. போன வருஷம் நான் என்ன சொன்னேன்?”

“கிளிசரின்ல இறங்காதுன்னு சொன்னீங்க சார்.”

“எறங்கிடுச்சு.” தொண்டையில் கையை வைத்துக் காட்டினார். “இங்க வரைக்கும் எறங்கிடுச்சு. எனக்கு இனிமே வேற ஆதாரம் வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் குடுக்கலாம். ஏமண்டி?” மற்ற இருவரும் வெல்லத்தை மென்றபடி தலையசைத்தார்கள்.

மேடத்தின் முகம் மலர்ந்ததை அந்த அரையிருட்டிலும் பார்த்தேன். அந்த இடத்தில் புத்தியுள்ள எவளும் நன்றி சொல்லி விளக்கைப் போட்டிருப்பாள். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. சொட்டு சொட்டாக வடித்து, அளந்து, சரிபார்த்து நான் கொண்டுவந்த ஆதாரம் கையில் இருக்கிறது. இவர் நாக்கை நம்பித் தீர்ப்புச் சொல்கிறார்!

“அப்படிச் சொல்ல முடியாது சார்” என்றேன்.

மேடம் என் காலை மிதித்தார்.

“நிலவேம்பை வெறும் தண்ணியில கொதிக்க வச்சாலே கசக்கும் சார். கசந்ததுங்கிறதுக்காக எவ்வளவு இறங்கிச்சுன்னு சொல்லிட முடியாது. நாக்கு ஒரு கருவி இல்ல. ஏழாவது படத்தைப் பாத்துட்டு…”

மேடம் என் இன்னொரு காலையும் மிதித்தார். “யம்மா, உக்காரும்மா!” என்று தாளாளர் இருட்டிலிருந்து கெஞ்சினார்.

ராவ் சார் பச்சை மீசையை நீவினார். “அம்மாயி, புராஜெக்ட் வேணுமா, வேண்டாமா?”

“வேணும் சார்.”

“அயிதே கூர்ச்சோ.”

எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் உட்காரச் சொல்கிறார் என்பது புரிந்தது. உட்கார்ந்தேன். ஏழாவது படம் என் மடியில் இருந்தது. அவர்களுடைய அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. நேரடிச் செயல்விளக்கம் ஐயத்துக்கு இடமில்லாதபடி இருந்தது என்ற பொருளில் ஒரு வரி பாராட்டியிருந்தார்கள். வரைபடங்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இதைவிட ஒரு விஞ்ஞானியை அவமானப்படுத்த முடியுமா? மேடத்திடம் பொருமினேன். “ஒரு வருஷம் கிடைச்சிருக்கு. போய் வேலையைப் பாரு” என்றார். அந்த ஒரு வருடத்தில்தான் என் பி.எச்டி. பதிவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபத்திலும் நியாயம் வேண்டும்.

அன்று மாலை நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. துரை அண்ணாவின் மச்சானுக்குச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி பக்கத்தில் டீக்கடை. ஆஸ்பத்திரி வாசலில் வளர்ந்த செய்தி என்பதால், அது மூன்று பேரை உள்ளே அட்மிட் செய்யாமல் விடவில்லை. ரயிலேறிச் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“இன்னாம்மா, யாரோ பெரிய ஆளுக்குப் பச்சையா எதையோ கலக்கிக் குட்த்துட்டியாமே? ஆளு கீறாரா?”

“ஐயோ, நல்லா கீறாருப்பா! நிலவேம்புப்பா அது!”

“சரி சரி, மெதுவா பேசு. வூட்ல போய் பேசிக்கலாம்” என்று சுற்றிலும் பார்த்தார். பெற்ற அப்பாவே!

அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை செங்கல்பட்டில் கணக்கு வாத்தியார். பெயர் சாமுவேல். அவரோடு பெற்றோர், ஒரு தம்பி, பெரியப்பா, எங்கள் சபைப் போதகர் என்று ஆறு பேர். பெரியப்பா யார் என்றால், அதே பெரியாஸ்பத்திரியில் மருந்தாளுநர். துரை அண்ணாவின் மச்சான் கடையில் தினம் இரண்டு டீ குடிப்பவர். இது எங்களுக்கு முன்னால் தெரியாது.

நான் தட்டில் ஆறு டம்ளர் காபி கொண்டுவந்தேன். போதகர் ஜெபம் செய்தார். வழக்கமாக இரண்டு வரியில் முடிப்பவர், அன்றைக்கு நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. உண்பதாலும் பருகுவதாலும் வரக்கூடிய எல்லாத் தீங்குக்கும் எங்களை விலக்கிக் காக்கும்படி குரல் தழுதழுக்க மன்றாடினார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஒருவரும் டம்ளரைத் தொடவில்லை.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். “தப்பா நெனிச்சிக்காத பாப்பா. மொதல்ல நீ ஒரு வாய் குடி.”

சிரிப்பு வெடித்தது. என் அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்குக் காது வரை சூடு ஏறியது. தட்டைக் கீழே வைத்தேன். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் டம்ளரை எடுத்து, கடைசிச் சொட்டு வரை குடித்து, கவிழ்த்து வைத்தேன். இரண்டாவதை எடுத்தேன். சிரிப்பு நின்றது. மூன்றாவது. நான்காவது. நாக்கு வெந்துவிட்டது, விடவில்லை. ஐந்தாவதைக் கவிழ்த்துவிட்டு ஆறாவதை எடுக்கும்போது மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“எனக்கு அந்த ஒண்ணு மட்டும் வச்சிடுங்களேன்.”

“மாட்டேன்” என்று சொல்லி, அதையும் குடித்தேன்.

காபி குடிக்காமலே போனார்கள். சம்பந்தம் கலைந்தது என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மறுநாள் காலை சம்மதம் என்று ஆள் வந்தது.

கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது. புகுந்த வீட்டில் இன்றைக்கும் யார் வந்தாலும் முதல் டம்ளர் காபி எனக்குத்தான் வரும். ஓரகத்தி புதிதாக வந்தபோது அவளுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். பெரிய மருமகளுக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்று ஒரு கிறிஸ்துமஸ் அன்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“மரியாதையா? அட போம்மா” என்றார் பெரியப்பா, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. “அவ குடிச்சி அஞ்சு நிமிஷம் பாத்துட்டுதான் நாங்க குடிப்போம்.”

வீடே சிரித்தது. நானும் ஒவ்வொரு வருடமும் நியாயத்தை எடுத்துச் சொல்லித்தான் பார்க்கிறேன், கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த வீட்டில் காபி போடுவது நானே இல்லை. என் கணவர்.